கூப்பிட்டால் பதில் வர வேண்டும்

அவர்கள் வீட்டுக் குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. கதவு உண்டு, சாத்தலாம். உள்ளே பூட்ட முடியாது. இருந்த தாழ்ப்பாளை அந்த அக்காதான் சுத்தியலால் அடித்துப் பெயர்த்தார். அப்போது உள்ளே குளித்துக்கொண்டிருந்தவர் அவருடைய வீட்டுக்காரர். வெளியிலிருந்து இவர் "ஏனுங்க" என்று கூப்பிட்டிருக்கிறார். முகமெல்லாம் சோப்பு. வாயைத் திறந்தால் நுரை போகும் என்று அவர் பேசாமல் இருந்திருக்கிறார். மறுபடியும் கூப்பிட்டார். பதில் இல்லை. அடுத்து வந்தது சுத்தியல்தான்.

இதை அந்த அண்ணனே எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

"எங்கூட்டுக்கு வந்தீங்கன்னா குளிக்கறப்பப் பாட்டுப் பாடிட்டே குளிங்க தம்பி. இல்லீன்னா மானம் போயிரும்."

அக்கா பக்கத்தில்தான் நிற்பார். சிரிக்க மாட்டார். "கூப்பிட்டா ஒரு 'ம்' சொல்றதுக்கு என்னங்க வலி?" என்பார்.

பிள்ளைகளே, உங்கள் இருவருக்கும் இந்த அக்காவைப் பற்றி எழுதி வைக்க வேண்டும் என்று நெடுநாளாக எண்ணம். நான் பத்தாவதோடு நின்றவன். எழுத்து முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். சில இடங்களில் உங்களுக்குத் தூக்கிவாரிப் போடும். எனக்கும் அப்படித்தான் போட்டது.

நெருப்பெரிச்சல் ஊருக்குப் போகிற ரோட்டில், இரண்டு பனியன் கம்பெனிகளுக்கு நடுவே, ஒரு வேன் மட்டும் நுழைகிற அகலத்தில் அவர்கள் கடை இருந்தது. போர்டில் 'ஆர்கான் வெல்டிங்' என்று எழுதியிருக்கும். புருஷன் பொண்டாட்டி இரண்டு பேருமே வெல்டர்கள். கடையில் உட்கார்ந்து செய்கிற நுணுக்கமான வேலை அக்காவுடையது. கம்பெனிகளுக்குப் போய், டேங்குக்கும் டிரம்முக்கும் உள்ளே நுழைந்து செய்கிற வேலை அண்ணனுடையது. ஒல்லியான உடம்பு, எந்தத் துவாரத்திலும் நுழைந்துவிடுவார். அப்போது அக்கா வெளியே நின்று, நொடிக்கொரு தரம் "ஏனுங்க" என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். உள்ளேயிருந்து "ஏம்புள்ள" என்று பதில் வந்துகொண்டே இருக்க வேண்டும். என் காதுக்கு அது வேலை செய்கிற இடம் மாதிரியே இருக்காது. இரண்டு பறவைகள் மாறிமாறிக் கத்துவது போல இருக்கும்.

நான் அப்போது ஒரு சாயப்பட்டறையின் கழிவுநீர் பிளான்ட்டில் ஃபிட்டர். சாயம் போட்ட தண்ணீரில் உப்பு அதிகம். அதை வெளியே விடக் கூடாது. காய்ச்சி, உப்பைத் தனியாகப் பிரித்து, தண்ணீரைத் திரும்ப எடுக்க வேண்டும். கொதிக்கிற உப்புத் தண்ணீர், துருப்பிடிக்காது என்று பெயர் வாங்கிய ஸ்டீலையே அரித்து ஓட்டை போட்டுவிடும். அதனால் முக்கியமான இடங்களில் டைட்டானியம் பைப் போட்டிருந்தார்கள். விமானத்துக்குப் போடுகிற உலோகம் என்பார்கள். எடை இருக்காது, உப்புக்கும் அசையாது. ஆனால் இணைக்கப் போனால்தான் அதன் குணம் தெரியும். சூடேறியதும் காற்றைக் குடிக்கும். குடித்தால் அப்பளம் மாதிரி நொறுங்கிப்போகும். ஆகவே பற்றவைத்து ஆறும் வரைக்கும் பைப்புக்கு வெளியிலும் உள்ளுக்கும் காற்றே படாமல், ஆர்கான் என்ற வாயுவால் மூடி வைத்திருக்க வேண்டும்.

நான் முதன்முதலாக ஒரு பைப்பைத் தூக்கிக்கொண்டு அந்தக் கடைக்குப் போன அன்று, மூலையில் ஒரு பிளாஸ்டிக் டிரம் இருந்தது. அதற்குள் ஒரு ஹோஸ் போயிருந்தது.

"தம்பி, அதுக்குள்ள என்ன இருக்குதுன்னு பாத்துச் சொல்லுங்க" என்றார் அக்கா.

எட்டிப் பார்த்தேன். "ஒண்ணுமில்லீங்க்கா. காலி."

அக்கா ஒரு காகிதத்தைச் சுருட்டிப் பற்றவைத்து, டிரம்முக்குள் மெதுவாக இறக்கினார். பாதி இறங்கியதும் யாரோ கிள்ளி அணைத்தது போல நெருப்பு செத்தது. புகை மட்டும் தண்ணீர் மேல் மிதப்பது போலத் தட்டையாகக் கிடந்தது.

"இப்ப உங்க மூஞ்சிய உட்டுப் பாக்கறீங்களா?"

நான் பின்னால் தாவியதில் கிரைண்டர் மேல் இடித்துக்கொண்டேன். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். "வர்ற ஆளுகளையெல்லாம் இப்பிடித்தானுங்க தம்பி பயமுறுத்தறா. ஏவாரம் எப்பிடி ஆகும்?"

"அது வெஷமில்லீங்க தம்பி. வாசமில்ல, நெறமில்ல, இருமல் வராது, கண்ணெரியாது. ஆனா அதுல மூச்சு இல்ல. தண்ணியாட்டம் அடியில போய்ப் படுத்துக்கும். உள்ள போனவனுக்குச் சாகறோம்னே தெரியாது. ரெண்டு இழுப்பு, அவ்வளவுதான்" என்றார் அக்கா.

இப்படிச் சொன்னவர், அடுத்த நிமிடமே அண்ணனைப் பார்த்து, "ஏனுங்க, காத்தக் கொஞ்சம் கம்மி பண்ணுங்க" என்றார். அண்ணன் சிலிண்டரைத் திருகினார். அந்தக் கடையில் ஆர்கானுக்குப் பெயர் 'காத்து'. ஆர்கான் என்று வாய் நிறையச் சொல்ல யாருக்கு நேரம்? கம்ப்ரஸரில் வருவதும் காத்து, ஃபேனில் வருவதும் காத்து, சிலிண்டரில் இருப்பதும் காத்து. எது எந்தக் காத்து என்பது அவர்கள் இரண்டு பேருக்கும் பேச்சுவாக்கிலேயே புரிந்துவிடும்.

அன்றைக்கு என் பைப்பைப் பற்றவைத்து முடித்தபோது, இணைத்த இடம் மயில் கழுத்து மாதிரி நீலமாக மின்னியது. நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா ஒரு வார்த்தை பேசாமல் அதைக் கட்டிங் மெஷினில் வைத்து அறுத்துவிட்டார்.

"அக்கா! எவ்வளவு அழகா வந்துச்சுங்க!"

"அழகா இருந்தா காத்துக் குடிச்சிருக்குதுன்னு அர்த்தம். நல்லா ஒட்டுனது வெள்ளியாட்டம் மொட்டையா இருக்கோணும். இது நாளைக்கு உங்க தலைல உழுகும்."

தன் கையால் செய்ததைத் தானே அறுத்துப் போட ஒருவருக்கு மனம் வருமா? எனக்கு அது அதிர்ச்சியாகத்தான் இருந்தது. இன்னொரு நாள், எங்கள் முதலாளி டைட்டானியத்தையும் ஸ்டீலையும் நேரடியாகச் சேர்த்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டனுப்பினார். முடியாது என்று அக்காவுக்குத் தெரியும். ஆனாலும் ஆசை விடவில்லை, கடையில் ஒரு துண்டு செய்து பார்த்தார். பார்வைக்கு நன்றாகத்தான் சேர்ந்தது. மேஜையில் வைத்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தோம். யாரும் தொடவே இல்லை. 'டிக்' என்று ஒரு சத்தம். அது தானாகவே இரண்டாகப் பிரிந்து கிடந்தது.

"ஏனுங்க, உங்களுக்குள்ள என்னங்க சண்டை?" என்று அக்கா அந்தத் துண்டுகளிடம் கேட்டார்.

அண்ணன் சொன்னார்: "ரெண்டுக்கும் ஆகாதுன்னா ஒட்ட வெக்கக் கூடாது புள்ள. நடுவுல ரப்பர் வெச்சு போல்ட்டப் போட்டு முறுக்கிரோணும். எங்கம்மா என்னையும் உன்னையும் முறுக்குனாப்பல."

நான் டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டேன். அக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இப்படி நல்ல மாதிரி இருக்கிறவர், கூப்பிட்டுப் பதில் வராவிட்டால் வேறு ஆளாகிவிடுவார். ஒரு கிருத்திகைக்கு முருகன் கோவிலில் கூட்டத்தில் அண்ணன் எங்கோ பிரிந்துவிட்டார். அக்கா வரிசையில் நின்றபடியே "ஏனுங்கோ" என்று போட்ட சத்தத்தில், கருவறையிலிருந்த அய்யரே தீபாராதனைத் தட்டோடு திரும்பி "சொல்லுங்கம்மா" என்றாராம். போனை எடுக்காத வாடிக்கையாளர் வீட்டுக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டியிருக்கிறார். அந்த ஆள் மத்தியானத் தூக்கத்தில் இருந்தவர், போலீஸ் என்று நினைத்துக் கொல்லைப் பக்கமாக ஓடிவிட்டார். சிரிப்பதற்கு இருக்கிறது. ஆனால் அக்காவின் முகத்தைப் பார்த்தால் சிரிப்பு வராது. பதில் வராத அந்தக் கொஞ்ச நேரத்தில் அவருக்குக் கண் நிலைகுத்தி, உதடு வெளுத்துவிடும்.

டேங்குக்குள் இறங்குகிறவர் இடுப்பில் கயிறு கட்ட வேண்டும் என்பதும் அவருடைய சட்டம். கயிற்றின் மறுமுனை அக்காவின் கையில். எங்கள் பிளான்ட்டில் இதைப் பார்த்துச் சிரிக்காத ஆள் இல்லை.

"என்னங்க்கா, அண்ணன மாட்டக் கட்டறாப்பலக் கட்டறீங்க?"

"காங்கேயம் காளைக்கே கவுறு உண்டு தம்பி. இந்தக் கன்னுக்குட்டிக்கு வேண்டாமுங்களா?"

அண்ணனும் உள்ளே போய்க்கொண்டே "ம்மா" என்று கத்துவார்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

எங்கள் பிளான்ட்டில், படுக்கைவாக்கில் கிடக்கிற ஒரு டிரம். ஒரு டெம்போ அளவு பெரியது. பக்கவாட்டில், நெஞ்சு உயரத்தில், ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு வட்ட ஓட்டை. அதற்குள் அடிப்பாகத்தில் ஒரு டைட்டானியம் பைப்பை இணைக்க வேண்டும். ஒரு நாளில் முடிகிற வேலை இல்லை. அண்ணன் உள்ளே, அக்கா வெளியே. அந்தப் பகுதியைப் பார்த்துக்கொள்கிற ஆபரேட்டர் மகேந்தர் கூட இருந்தார்.

மகேந்தர் பீகார்க்காரர், என் வயது, ஊரில் மனைவி மக்கள். தமிழை எங்களிடமே கேட்டுக் கேட்டுப் படித்தவர். அதனால் எங்களைவிட அதிகமாக 'ங்க' போடுவார். போனில் மனைவியிடம் ஹிந்தி பேசும்போதுகூட நடுவில் ஒரு 'ங்க' விழும். முதல் நாள் அவர் சிலிண்டரைப் பார்த்துப் பயந்தார். வெடிக்கும் என்று தள்ளியே நின்றார். அண்ணன் அவர் தோளில் கை போட்டுச் சொன்னார்:

"இது அடுப்புக் கேஸு இல்லீங்க மகேந்தர். காத்து. எரியாது, வெடிக்காது. இத பாருங்க, இந்தக் கண்ணாடிக்குள்ள குண்டு மெதக்குதில்லீங்களா? அது மெதந்தா காத்து ஓடுதுன்னு அர்த்தம்."

"காத்துங்களா?"

"காத்துத்தானுங்க."

மகேந்தர் அன்றைக்கு ஒரு புதுச் சொல் படித்துக்கொண்டார்.

அந்த நாள் மத்தியானம், முதல் சுற்றுப் பற்றவைத்து முடிந்திருந்தது. பைப் ஆறும் வரை அதற்குள் ஆர்கான் போய்க்கொண்டே இருக்க வேண்டும். அதனால் சிலிண்டரை மூடவில்லை. பைப்பின் வாயை ஸ்பாஞ்சு வைத்து அடைத்திருந்தார்கள். எல்லோரும் சாப்பிடப் போனோம். நாங்கள் சாப்பிடும்போது அந்த அடைப்பு கழன்றிருக்கிறது. ஆர்கான் முழுக்க டிரம்முக்குள் இறங்கி, தொட்டியில் தண்ணீர் நிரம்புவது போல நிரம்பியிருக்கிறது. வெளிக்காற்றை உள்ளே தள்ளுகிற புளோயர் ஒன்று வைத்திருந்தோம். பக்கத்துப் பம்பில் வேலை என்று எலக்ட்ரீஷியன் லைனை அணைத்ததில் அதுவும் நின்றுபோயிருந்தது. எங்கள் யாருக்கும் இது தெரியாது.

அண்ணன் வேகமாகச் சாப்பிடுகிறவர். அக்கா குழாயடியில் சோறு கொண்டுவந்த தூக்குப்போசி கழுவிக்கொண்டிருக்கும்போதே இவர் டிரம்மிடம் போய்விட்டார். அடைப்பு நிற்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு வரத்தான். அதற்கு எதற்குக் கயிறு என்று நினைத்திருப்பார். ஆனாலும் கேட்காமல் போகவில்லை. அங்கே நின்ற மகேந்தரிடம் கேட்டிருக்கிறார்.

"காத்து ஓடுதுங்களா?"

அவர் கேட்டது புளோயரை. மகேந்தர் சிலிண்டரைப் பார்த்தார். கண்ணாடிக்குள் குண்டு மிதந்தது.

"நல்லா ஓடுதுங்கண்ணா."

அண்ணன் உள்ளே போனார்.

இவ்வளவும் பிறகு மகேந்தர் தலையில் அடித்துக்கொண்டு அழுது சொன்னது. நான் ஸ்பேனரோடு அங்கே போய்ச் சேர்ந்தபோது, எதிர்ப்பக்கமிருந்து அக்கா வந்துகொண்டிருந்தார். கையில் கழுவிய போசி.

"அண்ணன் எங்கீங்க?" என்று மகேந்தரிடம் கேட்டேன்.

"உள்ளதானுங்க."

"ஏனுங்க!" என்றார் அக்கா.

பதில் இல்லை.

"ஏனுங்கோ!"

போசி கீழே விழுந்து உருண்டது. நான் ஓட்டைக்குள் பார்த்தேன். அண்ணன் பைப்புக்குப் பக்கத்தில் குப்புறக் கிடந்தார். எட்டிப் பிடித்துவிடலாம் போல அவ்வளவு பக்கத்தில் அவருடைய கால் தெரிந்தது. ஒரு காலைத் தூக்கி ஓட்டையில் வைத்தேன். உள்ளே பாய்ந்து தூக்கிவிடலாம் என்பதைத் தவிர வேறு நினைப்பில்லை.

என் தலைமுடியைப் பிடித்து யாரோ பின்னால் இழுத்தார்கள். நான் இரும்புப் பலகையில் மல்லாக்க விழுந்தேன், உதடு கிழிந்தது. இழுத்தவர் அக்கா. மகேந்தர் அந்தப் பக்கமாக ஏறப் போனார். அக்கா கீழே கிடந்த என் ஸ்பேனரை எடுத்து அவர் கையிலேயே ஓங்கி அடித்தார். எலும்பில் பட்ட சத்தம் எனக்குக் கேட்டது.

"எவனாச்சும் உள்ள தலைய உட்டீங்க, கொன்னு போடுவேன்!"

"அக்கா, அண்ணன் சாகறாருங்க்கா!" என்று கத்தினேன்.

"தெரியுமுடா! சிலிண்டர மூடு! புளோயரப் போடச் சொல்லு! கம்ப்ரஸர் ஹோஸக் கொண்டா!"

உள்ளே கிடப்பது கட்டின புருஷன். வாசலை மறித்துக்கொண்டு, கையில் ஸ்பேனரோடு நிற்பது பொண்டாட்டி. அந்தக் காட்சியை என்னால் மறக்க முடியாது. சத்தம் கேட்டு ஓடிவந்தவர்கள் எல்லோரும் திகைத்து நின்றுவிட்டார்கள். இந்தப் பொம்பளைக்குப் புத்தி பிசகிவிட்டதா என்று ஒருவர் கேட்டது என் காதில் விழுந்தது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஹோஸ் வந்தது. அக்கா தலையை உள்ளே விடாமல், கையை மட்டும் நீட்டி, அதை அண்ணனின் முகத்துக்குப் பக்கமாக எறிந்தார். காற்று சீறியது. பிறகு கேபிள் இழுக்க வைத்திருந்த கொக்கிக் கம்பியை எடுத்து உள்ளே விட்டார். முதல் தரம் வழுக்கியது. இரண்டாவது தரம் தோள்பட்டையில் மாட்டியது. சட்டையோடு சதையிலும் ஏறியது. "இழுங்க!" என்றார். இழுத்தோம். ரத்தக் கோடு போட்டுக்கொண்டே வாசல் வரை வந்தார். மூச்சை அடக்கிக்கொண்டு நாலு கைகள் அள்ளி வெளியே போட்டோம்.

முகம் நீலம் பாரித்திருந்தது. அக்கா அவர் நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து அழுத்தினார். அழுத்திக்கொண்டே இருந்தார். அப்போது அவர் ஒரு தரம்கூடக் கூப்பிடவில்லை. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. திடீரென்று அண்ணன் தொண்டையிலிருந்து, வறண்ட குழாயில் தண்ணீர் வருவது போல ஒரு சத்தம் வந்தது. மூச்சு.

கம்பெனி வேனில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். டிரம்முக்குள் தலையை விட்டிருந்தால் நானும் அந்தக் காலுக்குப் பக்கத்தில்தான் கிடந்திருப்பேன். அதன் பிறகு மகேந்தரும். அது அப்போதுதான் எனக்கு உறைத்தது. உங்கள் அம்மாவுக்குப் போன் செய்தேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை, என்ன குழம்பு என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

அண்ணன் பிழைத்துவிட்டார் என்பதோடு கதை முடியும் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். தோளில் தையல் போட்டுப் படுத்திருந்தார். தலைமாட்டில் அவருடைய அக்கா, அதாவது வெல்டிங் அக்காவின் நாத்தனார், உட்கார்ந்திருந்தார். அந்தம்மாள் யாரிடமெல்லாமோ கேட்டு எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு வந்திருந்தார்.

"காப்பாத்தப் போனவீகளையும் அடிச்சுத் தொரத்தியிருக்கறா. கட்டுனவன் உள்ள கெடக்கறான், இவ வாசல்ல காவல் நின்னாளாமா. மாட்ட இழுக்கறாப்பலக் கொக்கி போட்டு இழுத்தாளாமா. எங்கூரு சனமெல்லாம் கேக்குது, நான் என்ன சொல்லட்டும்?"

அக்கா கட்டில் ஓரம் நின்றுகொண்டிருந்தார். அண்ணன் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தார்.

"நீ எறங்கலயா புள்ள?"

"எறங்கலீங்க."

"ஏன்?"

ஏதாவது ஒரு சமாதானம் சொல்லியிருக்கலாம். உங்களைக் காப்பாற்றத்தான் என்று சொல்லியிருக்கலாம், அது உண்மையும்கூட. அக்கா அப்படிச் சொல்லவில்லை.

"நீங்க செத்துட்டீங்கன்னு நெனச்சுட்டனுங்க. செத்தவருக்காக உசுரோட இருக்கறவங்கள உடக் கூடாதுன்னு நின்னனுங்க."

நாத்தனார் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். அண்ணன் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அதோடு அவர் பேச்சை நிறுத்திவிட்டார். எல்லோரிடமும் பேசுவார், சிரிப்பார். அக்காவிடம் மட்டும் ஒரு சொல் கிடையாது. வீட்டுக்கு வந்த பிறகும் அப்படியே. ஒரு நாள் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். டி.வி. ஓடிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க, சோறு போடட்டுங்களா?" என்றார் அக்கா.

அண்ணன் டி.வி.யையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா கரண்டியோடு நின்றார். நான் பயந்துபோய் அவர் கையைப் பார்த்தேன். கதவை உடைத்தவர், இப்போது என்ன செய்வாரோ? ஒன்றும் செய்யவில்லை. அப்படியே நின்று பார்த்துவிட்டு, தட்டில் சோறு போட்டுக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். அவர் சாப்பிட்டார். கைகழுவத் தண்ணீர் வேண்டும் என்று என்னிடம் சொன்னார்: "தம்பி, தண்ணி கொண்டாரச் சொல்லுங்க." மூன்று அடி தூரத்தில் அக்கா நிற்கிறார்.

ஒரு மனிதர் இன்னொருவரை இதைவிட அதிகமாக அடிக்க முடியாது என்று எனக்குப் பட்டது. வாசலில் அக்காவிடம் ஏதாவது ஆறுதல் சொல்லலாம் என்று பார்த்தேன். அவரே முந்திக்கொண்டார். "மகேந்தருக்குக் கை எப்படியிருக்குதுங்க தம்பி?" என்றார். அந்தக் கைக்கு மாவுக்கட்டுப் போட்ட அன்று, அக்கா பிளான்ட்டுக்கு வந்து அவர் காலில் விழப் போயிருக்கிறார். மகேந்தர் அலறிக்கொண்டு, "அய்யோ வேண்டாமுங்க, வேண்டாமுங்க" என்று தானே அவர் காலில் விழுந்துவிட்டாராம்.

கடையில் மட்டும் ஒன்று மாறியது. சிலிண்டரை யாரும் காத்து என்று சொல்லக் கூடாது என்றார் அக்கா. வேறு என்ன சொல்வது என்று அங்கு வேலை செய்கிறவர்கள் கேட்டார்களாம். "எமன்னு சொல்லுங்க." அன்றிலிருந்து அந்தக் கடையில் எமன்தான். "எமன் காலியாயிருச்சு, இன்னொரு எமன எறக்கு" என்று கத்துவதைக் கேட்டுப் புது வாடிக்கையாளர்கள் செருப்பை மாட்டாமலே வெளியே வந்திருக்கிறார்கள்.

பாதியில் நின்ற அந்த டிரம் வேலை அப்படியே கிடந்தது. வேறு ஆளைப் பார்க்கலாம் என்று முதலாளி சொன்னார். அண்ணன் கேட்கவில்லை. நான் விட்டதை நானே முடிக்கிறேன் என்று, தோள் ஆறியதும் ஒரு நாள் காலையில் வந்து நின்றார். அக்காவும் வந்தார். இரண்டு பேரும் ஒரே வண்டியில்தான் வந்தார்கள். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள்.

புளோயர் ஓடுகிறதா என்று நானே கை வைத்துப் பார்த்தேன். மகேந்தரும் பார்த்தார். அக்கா பார்த்தார். மறுபடி நான் பார்த்தேன். அண்ணன் கயிற்றை எடுத்துத் தானே இடுப்பில் கட்டிக்கொண்டார். மறுமுனையை என் பக்கம் நீட்டினார்.

"தம்பி, அவளப் புடிச்சுக்கச் சொல்லுங்க."

நான் வாங்கி அக்காவிடம் கொடுத்தேன். அக்கா அதை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டார். அண்ணன் உள்ளே போனார். உள்ளே வெள்ளை வெளிச்சம் எழுந்தது. வெல்டிங் தொடங்கிவிட்டது.

எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. இந்த மனிதர் பேச மாட்டாரே. கூப்பிட்டால் பதில் சொல்ல மாட்டாரே. உயிரோடு இருந்து பேசாமல் இருக்கிறாரா, உயிர் போய்ப் பேசாமல் இருக்கிறாரா என்று வெளியே நிற்கிறவருக்கு எப்படித் தெரியும்?

"ஏனுங்க" என்றார் அக்கா.

வெளிச்சம் அணைந்தது. உள்ளேயிருந்து சத்தமில்லை. புளோயர் மட்டும் இரைந்தது. அக்காவின் உதடு வெளுத்துக்கொண்டு வந்ததைப் பார்த்தேன். கயிறு சுற்றிய மணிக்கட்டில் நரம்பு புடைத்தது. மகேந்தர் ஏதோ சாமி பெயரை முணுமுணுத்தார்.

"ஏனுங்க!"

"செத்துட்டன்னு நெனச்சுட்டயாமா?"

டிரம்முக்குள்ளிருந்து அந்தக் குரல் இரண்டு மடங்காக வந்தது. நாங்கள் மூவரும் அப்படியே நின்றோம்.

"நல்லா நெனப்படி நீ! கட்டுனவனக் கொக்கில மாட்டி இழுத்தவதான நீ! கால்மாட்டுல நின்னுட்டு என்ற மூஞ்சிக்கு நேராச் செத்துட்டன்னு சொன்னவதான!"

பிறகு அவர் சொன்னதையெல்லாம் இங்கே எழுத மாட்டேன். நீங்கள் படிக்கக் கூடாதவை. ஆஸ்பத்திரியிலிருந்து அடக்கி வைத்திருந்தது முழுக்க வந்தது. அக்காவின் பிறந்த வீட்டை இழுத்தார். பெண் பார்க்க வந்த அன்றை இழுத்தார். கை வேலை செய்துகொண்டே இருந்தது, வெளிச்சம் விட்டு விட்டு அடித்தது, வாய் நிற்கவில்லை. அடுத்த பகுதியிலிருந்த ஆட்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். எனக்குத் தலையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"அண்ணன் என்னங்க சொல்றாரு?" என்று மகேந்தர் என் காதில் கேட்டார். மரியாதைத் தமிழ் மட்டுமே அவருக்குத் தெரியும்.

"வேலையப் பத்தித்தானுங்க" என்றேன்.

அக்காவைப் பார்த்தேன். அழுவார், அல்லது கயிற்றைப் போட்டுவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் ஓட்டைக்குப் பக்கத்தில் காதைக் கொடுத்து, டிரம்மில் ஒரு கையை ஊன்றி, ஒவ்வொரு வசவுக்கும் "ம்" சொல்லிக்கொண்டிருந்தார். முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. அப்படியொரு நிம்மதியை நான் எந்த முகத்திலும் பார்த்ததில்லை.

உள்ளே குரல் தளர்ந்தது. திட்டுவதற்கு அண்ணனிடம் வேறு எதுவும் மீதி இல்லை போலிருந்தது.

அக்கா கயிற்றை இலேசாகச் சுண்டினார்.

"அப்பறமுங்க?" என்றார்.